பூனை நுரை தள்ளுதா? முதல்ல மாத்திரைய எப்படி குடுத்தீங்கன்னு சொல்லுங்க

நைட்டு பத்தரைக்கு ஒரு போன். "டாக்டர், நீங்க எழுதிக் குடுத்த மாத்திரைய போட்டதும் வாயெல்லாம் நுரையா தள்ளுது, விஷம் ஏறிடுச்சா"ன்னு ஒரு அக்கா அழுறாங்க. பேதிக்கு மெட்ரோனிடசோல் கால் மாத்திரை எழுதியிருந்தேன், அதைப் பொடி பண்ணி தேன்ல குழைச்சு நாக்குல தடவி விட்டிருக்காங்க.

அது விஷம் இல்ல, கசப்பு. அந்த மாத்திரைய உடைச்சதும் மேல இருக்குற கோட்டிங் போயிடும், உள்ள இருக்குறது வேப்பங்கொழுந்தே தேவலைங்கற அளவுக்கு கசக்கும், பூனை அதைத் துப்பத்தான் எச்சிலா ஊத்துது, கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும். அடங்காம மூச்சு வாங்குனாலோ, தள்ளாடுனாலோ உடனே தூக்கிட்டு வாங்க, அது வேற கதை. பாதி துப்பிடுச்சுன்னு நீங்களா இன்னொரு டோஸ் போடாதீங்க. தேன் வச்சும் பிரயோஜனம் இல்ல, பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது, அதுக்கான மரபணு அதுங்ககிட்ட வேலை செய்யாது. காலி கேப்சூல்ல அடைச்சு குடுங்கன்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், அது என் தப்பு.

சரி, சோத்துல கலந்துடலாமேன்னா, முழுத் தட்டுலயும் கலக்காதீங்க. ஒரு தடவை கசந்துச்சுன்னா அந்தச் சாப்பாட்டையே தொடாது. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா கொழுப்பு ஈரல்ல போய் படிஞ்சு மஞ்சக்காமாலையில கொண்டு விடும், வந்த நோயைவிட இது மோசம். வேகவச்ச மீன்ல சின்ன உருண்டை மூணு புடிங்க, நடு உருண்டையில மட்டும் மருந்து, அதையும் மாத்திரை தொட்ட கையால உருட்டாதீங்க, மோப்பத்துலயே கண்டுபிடிச்சுடும்.

அதுக்கும் மசியலைன்னா டவல்தான். கழுத்து வரைக்கும் நல்லா சுத்தி, முதுகு உங்க வயித்தோட ஒட்டுற மாதிரி மடியில வச்சு, மேல இருந்து கன்னத்து எலும்பைப் புடிச்சு மூக்கை மேல தூக்குங்க, கீழ்த்தாடை தானா தளரும், மாத்திரைய நாக்கோட பின்பக்கம் போட்டு வாயை மூடிடுங்க. உடனே சிரிஞ்சுல அஞ்சு மில்லி தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விடணும், இதைத்தான் எல்லாரும் மறக்குறாங்க. டாக்ஸிசைக்ளின் மாதிரி மருந்து உணவுக்குழாய்ல ஒட்டிக்கிச்சுன்னா புண்ணாகி குழாயே சுருங்கிப் போயிடும், அப்படி ஒரு பூனைய கொண்டு வந்தாங்க, தின்னதை எல்லாம் கக்கிட்டே இருந்துச்சு. டாக்ஸிசைக்ளினைப் பால்ல குடுக்குறதும் வேஸ்ட், பால்ல இருக்குற கால்சியம் அந்த மருந்தைப் புடிச்சு வச்சுக்கும். தண்ணியோ சிரப்போ, தலைய அண்ணாத்தாம கன்னத்து ஓரமா விடுங்க, இல்லன்னா நுரையீரலுக்குள்ள போயிடும்.

மாத்திரை குடுக்கப் பழகிட்டோம்னு காய்ச்சலுக்கு வீட்டுல இருக்குற பாராசிட்டமாலை மட்டும் போட்டுடாதீங்க. 500 மில்லிகிராம்ல பாதியே ஒரு பூனைய கொன்னுடலாம். ஈறு பழுப்பாகி மூஞ்சி வீங்கி வர்ற பூனைய காப்பாத்துறது ரொம்ப கஷ்டம்.

அந்த அக்கா அடுத்த நாள் வந்து காலி கேப்சூல் வாங்கிட்டுப் போனாங்க. நாலு நாள் கழிச்சு ஒரு போட்டோ அனுப்புனாங்க, சோபாவுக்கு அடியில மூணு கேப்சூல், தூசியோட. வாயை மூடுனதும் மூக்கை நக்குனுச்சான்னு பாத்தீங்களா, நக்குனாதான் முழுங்கிடுச்சுன்னு அர்த்தம்னு சொன்னேன். "நக்குனதைப் பாக்கல டாக்டர், என்னைத்தான் மொறச்சுப் பாத்துச்சு"ன்னாங்க.