மண் வேக்காடு: 'சாயில் பர்ன் செவரிட்டி'க்கு ஒரு சொல்

காட்டுத்தீ பற்றிய ஆங்கில அறிக்கைகளில் வரும் 'சாயில் பர்ன் செவரிட்டி' என்ற தொடரைப் பார்த்ததும் 'தீயின் தீவிரம்' என்று எழுதத்தான் கை போகும். அது வேறு. எரியும்போது சுடர் எவ்வளவு வெப்பத்தைக் கக்கியது என்பது தீவிரம். ஆங்கிலத்தில் அதற்கு 'இன்டென்சிட்டி'. தீ போன பிறகு தரைக்கு என்ன ஆனது என்பதுதான் 'செவரிட்டி'. லத்தீனில் 'செவெருஸ்' என்றால் கண்டிப்பானவர். ஆளின் குணத்தைச் சொன்ன சொல், நோய்க்கும் குளிருக்கும் வந்து, தீக்கும் வந்துவிட்டது.

அகராதிப்படி 'மண் எரிவுக் கடுமை' எனலாம், பிழையில்லை. ஆனால் மண் எங்கே எரிகிறது? அதிலுள்ள வேரும் சருகும் மக்கும்தான் எரிகின்றன. மண் வேகிறது. சூளையில் செங்கல்லைத் தட்டிப் பார்த்து 'வேக்காடு பத்தல' என்பார்களே, அந்தச் சொல்தான் இங்கே வேண்டும். கடுமையாகச் சூடேறிய காட்டு மண்ணும், அதிலுள்ள இரும்பால், செங்கல்லைப் போலவே சிவக்கும். அளவும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காட்டுத்தீக்குப் பின் மண்ணின் நிலையைக் காட்ட அமெரிக்காவில் வரையும் வரைபடங்களில் வரும் நான்கு நிலைகளையும் வேகாதது, இளவேக்காடு, அரைவேக்காடு, முழுவேக்காடு என்று சொல்லிவிடலாம்.

அந்த வரைபடத்துக்குத் தொடக்கம் செயற்கைக்கோள் படம். சரி, செயற்கைக்கோள் இதை எப்படிப் பார்க்கிறது? அகச்சிவப்பு என்பது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. பச்சை இலை, சிவப்பை அடுத்துள்ள அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். கருகிய தரை, அதற்கும் அப்பால் உள்ள குற்றலை அகச்சிவப்பை அதிகம் அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, தீக்கு முந்தைய மதிப்பிலிருந்து பிந்தையதைக் கழிக்கிறார்கள். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் சுமார் 22 சென்ட்.

ஆனால் மேலிருந்து முதலில் தெரிவது மரமும் புதரும். புதர்க்காடு இலையில்லாமல் கருகியிருக்கும். தீ வேகமாகக் கடந்திருந்தால் அடியில் மண் அவ்வளவாக வெந்திருக்காது. பச்சைக் கிளைகளுக்குக் கீழே சருகுப் படுகை நெடுநேரம் புகைந்து மண்ணை வேகவைத்திருந்தால், படத்தில் அது தெரியாது. அதனால் செயற்கைக்கோள் தருவது முதல் வரைவுதான். அதை 'மண் வேக்காட்டு வரைபடம்' என்று அப்படியே அழைப்பது தவறு.

அப்புறம் ஆட்கள் இறங்கி நடக்கிறார்கள். சாம்பலின் நிறம், ஆழம், மெல்லிய வேர்கள் மிச்சமிருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். சருகு எரியும்போது கிளம்பும் மெழுகு ஆவி கீழே இறங்கி மண் துகள்களில் படிந்திருந்தால், சொட்டு உறிஞ்சப்படாமல் முத்துப்போல உருண்டு நிற்கும். மழையும் அங்கே உள்ளே இறங்காமல் சரிவில் ஓடும்.

கலிஃபோர்னியாவில் 'தாமஸ் தீ' என்று பெயரிட்ட காட்டுத்தீ 2017 டிசம்பர் 4 அன்று பற்றியது. முழுதாகக் கட்டுக்குள் வந்ததாக அறிவித்தது 2018 ஜனவரி 12. அதற்கு மூன்று நாள் முன்பே, ஜனவரி 9 விடியுமுன், எரிந்த சரிவுகளில் கொட்டிய மழை சேறும் பாறையுமாக மான்டெசிட்டோ ஊருக்குள் இறங்கி 23 பேரைக் கொண்டுபோனது.