பேஸ்பால் மைதானத்தில் சாரணருக்கு என்ன வேலை?

"அணியின் சாரணர்கள் அவரைப் பதினாறு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்." அமெரிக்க பேஸ்பால் பற்றித் தமிழில் எது வந்தாலும், கட்டுரையோ படத்தின் அடியில் ஓடும் வசன வரியோ, இப்படி ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. படித்ததும் எனக்குக் கண்முன் வருவது காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் முடிச்சுப் போட்ட துணி, மூன்று விரல் வணக்கம். பள்ளி ஆண்டு விழாவில் கூட்டத்தை வரிசைப்படுத்திக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளைகள் எப்போது வெனிசுவேலாவுக்குப் போய் ஆள் பிடித்தார்கள்? எழுதியவரும் யோசிக்கவில்லை, திருத்தியவரும் யோசிக்கவில்லை. திறமையுள்ள இளம் ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்கு ஆங்கிலத்தில் ஸ்கவுட் என்று பெயர். அகராதியில் அதைத் தேடினால் முதலில் சாரணர் வந்திருக்கும். வந்ததை எடுத்து ஒட்டியாயிற்று.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்கவுட்டின் வேர் லத்தீனில் 'உற்றுக் கேள்' என்று பொருள்படும் ஆஸ்குல்தாரே. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள கலைச்சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், படைக்கு முன்னால் சென்று எதிரியின் நடமாட்டத்தை அறிந்து வருபவன் என்று ஆனது. 1907இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர்களை வைத்து முகாம் நடத்தினார். படைச்சொல் பள்ளிச்சொல் ஆயிற்று.

சாரணர் என்பதற்கும் நீண்ட வரலாறு உண்டு. நடமாடுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேர். சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் எதிர்கொண்டு வணங்கும் சாரணர்கள் சமண முனிவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்குத் திருச்சாரணத்துமலை என்ற பெயர் அவர்களால் வந்தது. ஊர் ஊராகத் திரியும் துறவியின் பெயரை முகாம் முகாமாகப் போகும் மாணவனுக்குச் சூட்டியவர் யாராயினும் அவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. அந்தச் சொல்லோடு எனக்கு வழக்கில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார வைப்பவர்களோடுதான் வழக்கு.

ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆளின் வேலையே வேறு. ஒரு கையில் வேகம் அளக்கும் ராடார் கருவி, மற்றொரு கையில் நிறுத்துக் கடிகாரம். பையன் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸை எத்தனை நொடியில் தொடுகிறான்? வலக்கை ஆட்டக்காரன் என்றால் 4.3 நொடிக்குப் பக்கத்தில் வந்தால் சராசரி. பிறகு மட்டை வீச்சு, அடியின் வலு, எறியும் கை, பந்தைப் பிடிக்கும் லாவகம். ஓட்டத்தோடு சேர்த்து இந்த ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக் ஆட்டக்காரரின் சராசரி 50. இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் எழுதுகிறார். ஒன்று இன்றைய நிலை, மற்றொன்று முழு வளர்ச்சி பெற்றபின் எட்டக்கூடிய நிலை. பதினேழு வயதுப் பையனின் தோள் அகலத்தையும் மணிக்கட்டையும் பார்த்து, இவன் இன்னும் சதை போடுவான், இன்று வேலியருகே விழும் பந்து ஐந்து வருடத்தில் வேலியைத் தாண்டும் என்று எழுதுகிறார். அவர் எழுதியதைச் சரிபார்க்க அணி இன்னொருவரை அனுப்புகிறது. முதல் ஆள் ஒரு வட்டாரத்துக்குப் பொறுப்பு. இரண்டாமவர் பல வட்டாரங்களைச் சுற்றி, இந்த ஊர்ப் பையனையும் அந்த ஊர்ப் பையனையும் ஒரே தராசில் நிறுப்பவர்.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமில்லை. அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் 2009 தேர்வில், பின்னாளில் பெரும் நட்சத்திரமான மைக் டிரௌட்டின் பெயரை அழைக்கும் முன் 24 பெயர்கள் அழைக்கப்பட்டன. மைக் பியாட்சாவை 1988இல் டாட்ஜர்ஸ் எடுத்தது 62ஆவது சுற்றில், அதுவும் குடும்ப நண்பருக்குச் செய்த உதவியாக. இன்று அவர் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ஹோசே அல்டூவேயின் கதை இன்னும் விசேஷம். வெனிசுவேலாவின் மராகாய் நகரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் நடத்திய தேர்வு முகாமுக்குப் பதினாறு வயதில் போனார். இவ்வளவு குள்ளமா, வயதிலும் பொய்யா என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பா சொன்னதைக் கேட்டு மறுநாள் பிறப்புச் சான்றிதழோடு போய் நின்றார். ஒப்பந்தத் தொகை 15,000 டாலர். 2011 முதல் 2013 வரை மூன்று பருவங்களிலும் நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்ற அந்த அணி 2017இல் மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றபோது, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இந்த ஐந்தடி ஆறங்குல ஆளுக்குத்தான்.

இந்த வேலையைச் செய்பவருக்குச் சாரணர் என்று பெயர் வைக்க மனம் வருகிறதா?

சாரணர் வேண்டாம் என்று சொன்னால் உடனே திறனாய்வாளரைக் கொண்டு வருகிறார்கள். திறனை ஆய்பவர்தானே என்று வாதம் வேறு. ஐயா, தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே பட்டா இருக்கிறது. அது இலக்கிய விமரிசகருக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. "திறனாய்வாளர் பரிந்துரைத்ததால் பையனை எடுத்தார்கள்" என்றால், பையன் சிறுகதை எழுதினானா என்றுதான் கேட்கத் தோன்றும். அடுத்தது திறன்கண்டறிநர். இலக்கணத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மூச்சில் சொல்லிப் பாருங்கள். குழுவில் உட்கார்ந்து செய்த சொற்களுக்கெல்லாம் உள்ள நோய் இது. வினையையும் செயப்படுபொருளையும் ஒட்டி, வாலில் 'நர்' சேர்த்துவிட்டால் கலைச்சொல் பிறந்துவிட்டதாக நினைப்பு. கண்டறிநர், மேம்படுத்துநர், வழங்குநர் என்று அரசாணை வாடை அடிக்கும் இந்தப் படையில் எந்த ஆளுக்கும் முகம் கிடையாது. வீட்டில் யாரும் சொல்லாத சொல்லை நாளிதழில் மட்டும் எத்தனை நாள் ஓட்டுவது?

என் சொல் நோட்டக்காரர்.

புதிதாகச் செய்ததல்ல. நாணயம் நல்லதா கள்ளதா, கல் உயர்ந்ததா மட்டமா என்று பார்த்துச் சொல்பவருக்கு நோட்டக்காரர் என்று பெயர். அவர் செய்வது நோட்டம். கன்னடத்தில் நோடு என்றால் பார், நோட்ட என்றால் பார்வை. இரண்டும் ஒரு குடும்பத்துச் சொற்கள். பேஸ்பாலில் அந்த 20-80 தாளை நிரப்புகிறவர் செய்வது இதே வேலைதான், தரம் பார்த்து மதிப்புச் சொல்வது. அணி அதை நம்பிப் பணம் போடுகிறது.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும். "திருடன் வீட்டை நோட்டம் விட்டான்" என்று செய்தித்தாள் எழுதுகிறதே, கெட்ட வாடை வீசாதா? நோட்டம் விடுவது வேறு, நோட்டம் பார்ப்பது வேறு. விடுகிறவன் திருடன், பார்க்கிறவர் தொழில்காரர். இந்த நுட்பம் பேச்சுத் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இல்லாவிட்டாலும் கேடில்லை. போட்டி அணிக்காரனுக்குத் தெரியாமல் பையனைப் பார்த்துவிட்டு வர வேண்டிய வேலையில் கொஞ்சம் கள்ளத்தனம் ஒட்டிக்கொண்டிருந்தால் பொருத்தமாகத்தான் இருக்கும்.

தூய தமிழ்க்காரர்கள் இன்னும் பழைய சொல்லைக் காட்டுவார்கள்: வண்ணக்கர். சங்க காலத்தில் நாணயம் சோதித்தவர் பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று புலவரே உண்டு. அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய காதுக்கு வண்ணம்தான் விழும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவரோ என்று கேட்பார்கள். செத்த சொல்லை எழுப்புவதைவிட மூச்சுள்ள சொல்லுக்கு வேலை கொடுப்பது சுலபம்.

ஒற்றர் என்பதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. பேஸ்பாலில் ஸ்கவுட் என்ற ஒரே பெயரில் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. வளரும் பையன்களைத் தேடிப் போவது ஒன்று. அடுத்த வாரம் மோதப் போகும் அணியின் ஆட்டத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்து, எவன் எந்தப் பந்தில் தடுமாறுகிறான் என்று குறித்து வருவது இன்னொன்று. இரண்டாமவர் அசல் ஒற்றர்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரு சொல். தமிழில் தனித்தனியாக இரண்டு சொற்கள் தயாராக இருக்கின்றன. நம் மொழிபெயர்ப்பாளர்களோ இரண்டையும் விட்டுவிட்டு, இரண்டுக்கும் பொருந்தாத மூன்றாவதைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். "ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்" என்று வள்ளுவர் சொன்ன முறை, வட்டார ஆளின் அறிக்கையை இன்னொருவரை விட்டுச் சரிபார்க்கும் அந்த ஏற்பாட்டுக்கு அப்படியே பொருந்துகிறது என்பதற்காக இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு தொழிலும் ஒன்றாகக் கலந்த கதையும் உண்டு. 1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் ராபர்ட்டோ கிளெமென்டேயை 10,000 டாலர் கொடுத்து எடுத்தது. அன்றைய விதிப்படி, இவ்வளவு தொகை பெற்றவனை மேஜர் லீகில் வைத்துக்கொள்ளாவிட்டால் பருவ முடிவில் வேறு அணி அவனைத் தட்டிக்கொண்டு போகலாம். டாட்ஜர்ஸ் அவரைத் தன் கீழ்நிலை அணியான மாண்ட்ரியாலுக்கு அனுப்பி, யார் கண்ணிலும் படாதபடி அதிகம் ஆடவிடாமல் உட்கார வைத்தது. பிட்ஸ்பர்க் அணியின் கிளைட் சூக்ஃபோர்த் போனது ஜோ பிளாக் என்ற பந்துவீச்சாளரைப் பார்க்க. கண்ணில் பட்டது ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் பந்தை எறிந்துகொண்டிருந்த கிளெமென்டேயின் கை. அந்த நவம்பரில் பிட்ஸ்பர்க் அவரை எடுத்துக்கொண்டது. தன் மேஜர் லீக் வாழ்க்கையில் சரியாக 3,000 ஹிட்கள் (பந்தை அடித்துப் பேஸை எட்டியவை) அடித்தார். அன்று சூக்ஃபோர்த் ஒற்றராகப் போய் நோட்டக்காரராகத் திரும்பினார் என்று எழுதலாம். சாரணராகப் போனார் என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இதே கையோடு பண்ணை விவகாரத்தையும் பேசிவிடுகிறேன். மேஜர் லீக் அணிகள் தங்கள் பையன்களை வளர்க்கும் கீழ்நிலை அணிகளுக்கு ஆங்கிலத்தில் பண்ணை அணிகள் என்று பெயர். தமிழிலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள், ஏதோ கறிக்கோழி வளர்ப்பதுபோல. இந்த முறையை நிறுவனமாக்கியவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பிராஞ்ச் ரிக்கி. அவருடையது கைப்பணம் இல்லாத அணி. சிறிய லீகில் நல்ல பையன் ஒருவனைக் கண்டு விலை கேட்டால், செய்தி கசிந்து பணக்கார அணி கூடுதல் விலைக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே பையனை வாங்குவதை விட்டுவிட்டு அணியையே வாங்கத் தொடங்கினார். ஃபோர்ட் ஸ்மித், ஹூஸ்டன், சிராக்யூஸ் என்று பங்கு வாங்கி, ஒரு கட்டத்தில் 30க்கும் மேற்பட்ட அணிகள் கார்டினல்ஸ் பிடியில் இருந்தன. 1926இல் யாங்கீஸைத் தோற்கடித்து உலகத் தொடரை வென்றார்கள். பந்துவீச்சாளராக வந்த ஸ்டான் மியூசியல் 1940இல் தோளில் அடிபட்டபின் மட்டையாளராக மாறியதும் இந்த அணிகளில் ஆடிக்கொண்டிருந்தபோதுதான். பின்னாளில் ஏழு முறை பேட்டிங் பட்டம் வாங்கினார்.

கீழே தயார்செய்து, பருவம் பார்த்துப் பிடுங்கி, மேலே நடுகிறார்கள். தமிழனுக்கு இதற்குச் சொல் தேட வேண்டுமா? நாற்றங்கால். நாற்றங்கால் அணி என்றால் தஞ்சாவூர்க்காரருக்கு விளக்கமே வேண்டாம். இப்போது ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் முழுப் பருவமும் ஆடும் நான்கு நாற்றங்கால்கள், ஆக மொத்தம் 120.

பண்ணை என்ற சொல் ஓரிடத்தில் மட்டும் தற்செயலாகச் சரியாக விழுகிறது. ஒரு காலத்தில் அணி விடுவித்தால் ஒழிய ஆட்டக்காரர் வேறிடம் போக முடியாது. ஆட்டக்காரர்களுக்கும் அணிகளுக்கும் இடையிலான தகராறில் 1975 கடைசியில் பீட்டர் சைட்ஸ் தந்த நடுவர் தீர்ப்புதான் அந்தப் பிடியைத் தளர்த்தியது. அதற்கு முன் 1938இல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் கார்டினல்ஸ் பிடியிலிருந்த 70க்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியில் விடுவித்தார். பண்ணையார், பண்ணையாள் என்ற பொருளில் அந்த நாள்களைப் பண்ணைக் காலம் என்று யாராவது எழுதினால் கைதட்டுவேன். ஆனால் நம்மவர்கள் அந்தப் பொருளில் எழுதுவதில்லை.

கடைசியாக, "இவர் அணியின் முதன்மை வாய்ப்பு." வாய்ப்பு எப்படி ஐயா மட்டை பிடிக்கும்? ப்ராஸ்பெக்ட் என்றால் முன்னோக்கிப் பார்த்தல், எதிர்பார்ப்பைச் சுமப்பவர். இலங்கைத் தமிழில் வளர்முக நாடுகள் என்று எழுதுவார்கள். அந்த வளர்முகத்தை வாங்கிக்கொண்டு வளர்முக ஆட்டக்காரர் என்றால் வேலை முடிந்தது. பட்டியல் போடும்போது வளர்முகங்கள் என்று சுருக்கலாம். வருங்கால நட்சத்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம். பெரும்பாலானவர்கள் மேஜர் லீகை எட்டிப் பார்க்காமலேயே வீடு திரும்புகிறவர்கள்.

1946இல் பிலடெல்பியா ஃபில்லீஸ் எடித் ஹௌட்டன் என்ற பெண்ணை இந்த வேலைக்கு அமர்த்தியது. பத்து வயதிலேயே பெண்கள் அணியில் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நின்று பந்தைத் தடுப்பவராக) ஆடியவர், பையன்களின் ஆட்டத்தை எடைபோட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவரையும் நோட்டக்காரர் என்றே எழுதிவிட்டுப் போகலாம். சாரணரைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் அவரைச் சாரணியர் கணக்கில் சேர்ப்பார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.