பேஸ் கிட்டாரில் ப்ரீஆம்ப் மாற்றும் முன்

பேஸ் கிட்டாரின் டோன் பிடிக்கவில்லை என்றதும் பலர் முதலில் மாற்ற நினைப்பது உள்ளே இருக்கும் ப்ரீஆம்பைத்தான், அதாவது சிக்னல் ஆம்புக்குப் போகும் முன் அதைச் சீராக்கும், பேட்டரியில் ஓடும் சின்ன சர்க்யூட்டைத்தான். மாற்றினால் வித்தியாசம் தெரியும், சந்தேகமே இல்லை. ஆனால் பிராண்டைப் பார்த்து வாங்குவதைவிட, அதன் குமிழ்கள் எந்த அதிர்வெண்ணில் வேலை செய்கின்றன என்று பார்த்து வாங்குங்கள்.

தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பியும்தான். பாசிவ் கிட்டாரில், அதாவது ப்ரீஆம்ப் இல்லாததில், இந்தச் சுருள் நேராகக் கேபிளோடு இணைகிறது. கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு, ஆகவே 6 மீட்டர் கேபிள் போட்டால் 600 ஆகிவிடும், அதுவும் சுருளும் சேர்ந்து ட்ரெபிளை, அதாவது உயர் அதிர்வெண்களை, மழுக்கிவிடும். ப்ரீஆம்ப் நடுவே நின்று பிக்கப்பையும் கேபிளையும் பிரித்துவிடுகிறது. எல்லாக் குமிழையும் நடுவில் வைத்தாலும் சத்தம் பளிச்சென்று கேட்பது இதனால்தான்.

அடுத்தது ஈக்யூ, அதாவது ஒலியின் அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே சரிசெய்வது. பாசிவ் டோன் குமிழால் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. கூட்டவும் குறைக்கவும் முடிகிற சர்க்யூட்டை பீட்டர் பாக்ஸாண்டால் 1952இல் வெளியிட்டார். இன்றைய பேஸ் ப்ரீஆம்ப்கள் பலவற்றிலும் இருப்பது அதன் ஏதோ ஒரு வடிவம். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இந்த ஆக்டிவ் ஈக்யூவைப் பரவலாக்கியது.

அகிலார் ஓபிபி-3 என்ற ப்ரீஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் குமிழ் 40 ஹெர்ட்ஸில், நடு அதிர்வெண்களுக்கான மிட் குமிழ் 400 அல்லது 800இல். நான்கு தந்திக் கிட்டாரின் அடி ஈ தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். பெரிய மேடையில் 40ஐக் கூட்டினால் நெஞ்சில் இடிக்கும், வீட்டுச் சின்ன ஆம்பிலோ அதைக் கூட்டியும் பெரிதாக ஒன்றும் கேட்காது, பேட்டரியின் வோல்டேஜ்தான் வீணாகும். டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் நடுவே உங்கள் வாசிப்பு தனித்துக் கேட்க வேண்டுமென்றால் மிட்தான் கைகொடுக்கும். யாரிடமாவது ஒரு ஈக்யூ பெடலை வாங்கி, உங்களுக்கு எந்த அதிர்வெண் தேவை என்று முதலில் காதால் கண்டுபிடித்துவிடுங்கள்.

12 டெசிபல் கூட்டினால் வோல்டேஜ் 4 மடங்காகும். தந்தியைக் கட்டைவிரலால் அறையும் ஸ்லாப் அடியில் பிக்கப் உச்சத்துக்கு உச்சம் 2 வோல்ட் தந்தால் அது 8 ஆகிவிடும், 9 வோல்ட் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தாலே உச்சி வெட்டுப்பட்டு சத்தம் கரகரக்கும். ப்ரீஆம்ப் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் இரண்டு பேட்டரி போட்டு 18 வோல்ட் கொடுக்கலாம், அதனால் சத்தம் கூடாது, உச்சி வெட்டுப்படாமல் சிக்னல் ஏறுவதற்கான இடம்தான் கூடும். ப்ரீஆம்பில் சிக்னலைப் பெருக்கும் சிப்பையும் பாருங்கள்: டிஎல்062 மிகக் குறைந்த கரண்டில் ஓடும் ஆனால் இரைச்சல் சற்று அதிகம், டிஎல்072 அமைதியானது ஆனால் பேட்டரியைச் சீக்கிரம் தீர்க்கும்.

வயரிங்கில் கவனிக்க வேண்டியது பாட், அதாவது குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடையின் மதிப்பு. பாசிவ் பிக்கப்புக்குப் பின்னால், ப்ரீஆம்புக்கு முன்னால் வருகிற பாட் 250 அல்லது 500 கிலோஓம் இருக்க வேண்டும். உள்ளேயே ப்ரீஆம்ப் உள்ள ஆக்டிவ் பிக்கப்புக்கான 25 கிலோஓம் பாட்டை அங்கே போட்டால் ட்ரெபிள் செத்துவிடும். அப்புறம், பேட்டரியின் மைனஸ் வயர் ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்துக்குப் போக வேண்டும், பிளக்கைச் செருகும்போதுதான் அது கிரவுண்டைத் தொட்டு சர்க்யூட் உயிர்பெறும். சால்டர் வைத்து முடித்ததும் பிளக்கை உருவிவிட்டு, பேட்டரியோடு மல்டிமீட்டரைத் தொடரில் வைத்துப் பாருங்கள், கரண்ட் சுழியமாக இருக்க வேண்டும். ஒரு மில்லியாம்ப் ஓடினாலும் ஜாக்கில் வயர் மாறியிருக்கிறது.