அந்நியர் என்பதற்குத் தமிழ் அயலார்

அந்நியன், அந்நியர், அந்நியம் எல்லாவற்றுக்கும் வேர் வடமொழி 'அந்ய'. அங்கே அதற்கு வேறு, மற்றது என்றுதான் பொருள். மற்றொரு நாள், வேறொரு மரம் என்று சொல்லவும் அதே சொல்தான். பகையோ பயமோ அதில் கிடையாது. அன்னியன் என்று எழுதுவாரும் உண்டு. இரண்டும் வழக்கில் இருப்பவையே.

தமிழில் அந்தச் சொல்லுக்குக் கனம் கூடியது விடுதலைப் போராட்டக் காலத்தில். அந்நிய ஆட்சி, அந்நியத் துணி என்று மேடைக்கு மேடை ஒலித்தது. 1921 செப்டம்பர் 22 அன்று, அந்நியத் துணி மறுப்பு சூடுபிடித்திருந்த நேரத்தில், மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி இடுப்புத் துணிக்கு மாறினார். அன்று அந்நியம் என்பது ஓர் ஆட்சியையும் அதன் வணிகத்தையும் சுட்டியது. அந்த வேலைக்கு அது பொருத்தமான சொல். ஆனால் ஆட்சி போன பிறகும் சொல் போகவில்லை. இப்போது நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவரின் மதத்தையும் அந்நிய மதம் என்கிறார்கள். எனக்கு இது வலிக்கிறது.

அதே வேரிலிருந்து நம்மிடம் இன்னொரு சொல்லும் புழங்குகிறது: அந்நியோன்யம். வடமொழியில் அந்யோந்யம் என்றால் 'ஒருவர்க்கொருவர்'. அந்ய இரண்டு முறை சேர்ந்து வந்தது அது. தமிழ் அதற்கு நெருக்கம் என்று பொருள் கொண்டது. புருஷன் பொண்டாட்டி அந்நியோன்யமா இருக்காங்க என்று நம் வீடுகளில் சொல்லாத பெரியவர் உண்டா?

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய நூல்களில் ஏதிலார் உண்டு. நமக்கும் அவருக்கும் தொடர்பு ஏதும் இல்லை என்று அது கதவைச் சாத்திவிடுகிறது. பிறர் பொதுச்சொல். சங்கப் பாட்டில் பாலை வழியே வரும் புதியவர் வம்பலர். வம்பு என்றால் அங்கே புதுமை. விருந்துக்கும் முதற்பொருள் புதுமையே. புது முறையில் இயற்றும் செய்யுளைத் தொல்காப்பியம் விருந்து என்கிறது. பின்னாளில் ஒரு புதுமை சண்டை ஆயிற்று, மற்றொன்று இலை போட்டுப் பரிமாறுவது ஆயிற்று. புதிய ஆள் வாசலில் வந்து நின்றால் இரண்டில் எது நடக்கும் என்பது அவரை மட்டும் பொறுத்ததில்லை.

என் தேர்வு அயலார். அயல்நாடு கடல் கடந்தும் இருக்கலாம், அயல்வீடு சுவரை ஒட்டியே இருக்கும். ஒரே சொல் இரண்டுக்கும் வருகிறது. மதுரைப் பக்கம் அசலூர்க்காரர், அசல்வீட்டுக்காரர் என்கிறோமே, அந்த அசல் இந்த அயலின் திரிபு. அசல், வட்டி என்கிற அசல் அரபியிலிருந்து வந்தது, அது வேறு.

பயம் எங்கிருந்து வருகிறது? கைக்குழந்தையைப் புதியவர் தூக்கினால் வீறிட்டு அழும். 'வேத்துமொகம் பாக்குது' என்பார்கள். அதற்காக யாரும் குழந்தைக்கு அந்த ஆளைப் பற்றிப் பாடம் நடத்துவதில்லை. அம்மாவின் இடுப்பில் இருந்தபடியே ரெண்டு நாள் பார்க்கட்டும், தானாகத் தாவும். பெரியவர்களின் பயம் இவ்வளவு எளிதில் போகாது. நாம் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர்களைப் பற்றிய கதையைக் கேட்டுவிடுகிறோம்.

இதற்குச் சிலப்பதிகாரத்தின் மதுரையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரின் கோட்டை வாயிலைக் காத்தவர்கள் யவனர்கள். வேற்று மொழிக்காரர்களை வாயிலில் நிறுத்தப் பழகிய நகரம். அங்கேதான், தமிழே பேசுகிற புகார் நகரத்துக் கோவலன் கள்வன் ஆனான். கொலைக்களக் காதையைப் பொறுமையாகப் படித்தால் உடம்பு நடுங்கும். பார்க்க வந்த காவலர் சிலருக்கு அவன் திருடனாகத் தோன்றவில்லை, இவன் கொலைப்படு மகன் அல்லன் என்கிறார்கள். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வருக்குத் துணையாகும் எட்டை எண்ணிக் காட்டுகிறான். உடனே ஓர் இளைஞனுக்கு என்றோ ஒரு மழை இரவில் நீல உடைத் திருடன் தன் வாளைப் பறித்த கதை நினைவுக்கு வருகிறது. கதை முடிந்த சூட்டில், கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இத்தனைக்கும் நடுவே, நீ யார், இந்தச் சிலம்பு உனக்கு எப்படி வந்தது என்று கோவலனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அதே காதையின் தொடக்கத்தில், கோட்டைக்கு வெளியே ஆயர்சேரியில் மாதரி இருக்கிறாள். சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைத்தது இந்த இடைக்குலப் பெண்ணிடம். மாதரி வணங்குவது மாயவனை. ஆனாலும் வந்தவர்களின் வழக்கம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவர் சாவக நோன்பி (சமண நெறியில் நோன்பு காக்கும் இல்லறத்தார்), பகலிலேயே உண்பவர், சமைக்க நல்ல கலங்களைச் சீக்கிரம் கொடுங்கள் என்கிறாள். ஆய்ச்சியர் கலத்தோடு பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால் எல்லாம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாதரி சமண தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. எப்போது சாப்பிடுவார்கள், எதைச் சாப்பிடுவார்கள் என்று அறிந்து அதற்கு ஏற்பாடு செய்தாள். அயலாரை அறிவது என்று நான் சொல்வது இந்த அளவு நுணுக்கமான, கைவேலையோடு கூடிய அறிவை.

உளவியலாளர்களும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறார்கள். இரு தரப்பும் சமநிலையில், பொது நோக்கத்துக்காகச் சேர்ந்து வேலை செய்து, அதற்கு மேலிடத்தின் ஆதரவும் இருந்தால் தப்பெண்ணம் குறையும் என்று 1954இல் அமெரிக்கரான கார்டன் ஆல்போர்ட் எழுதினார். 2006இல் பெட்டிக்ரூ, டிராப் இருவரும் 500க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழக்கம் பெரும்பாலும் வெறுப்பைக் குறைக்கிறது என்று உறுதி செய்தார்கள். அவர்களின் அடுத்த கண்டுபிடிப்பு முக்கியமானது. வெறும் தகவலறிவால் வரும் பலன் சிறியது. பதற்றம் தணிவதும் மற்றவர் இடத்தில் நின்று உணர்வதும்தான் பெரிதும் உதவுகின்றன.

திருப்பரங்குன்றத்தில் அடிவாரத்தில் முருகனின் குடைவரை, மேலே காசி விசுவநாதர் கோயிலும் சிக்கந்தர் பாதுஷா தர்காவும், பாறையில் சமணர் படுக்கைகள். 2025 பிப்ரவரியில் அந்த மலையை முன்னிட்டு மதுரை மாவட்டத்தில் தடையுத்தரவு போட வேண்டி வந்தது. உரிமை யாருக்கு என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டியது. மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு, எதிர்வீட்டு நோன்பு எப்போது திறக்கிறது, எதிர்வீட்டார் கார்த்திகைக்கு எத்தனை நாள் விளக்கு வைக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித் தருவது வீட்டின் வேலை, நம் வேலை.

வழக்கில் எப்படி மாற்றலாம்? அந்நிய மதத்தினர் என்னும் இடத்தில் பிற சமயத்தார் அல்லது அயல் சமயத்தார். அந்நிய மொழி, அயல்மொழி. அந்நியர் நுழைய அனுமதி இல்லை என்ற பலகையில் வெளியார் என்றால் போதும். அந்நியச் செலாவணி அயல்செலாவணி ஆகலாம், பழையபடியே இருந்தாலும் யாருக்கும் காயமில்லை. அந்நியப்படுத்துதல் என்ற வினையை மட்டும் நான் மாற்ற மாட்டேன். கூடவே வாழ்பவரைத் தள்ளி வைக்கும் செயலுக்கு அந்தக் கசப்பான சொல்தான் பொருந்தும்.