பயன்படுத்தாத கிரெடிட் கார்டுக்கும் கட்டணமா? முதல் கார்டு வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய ரிசர்வ் வங்கி விதிகள்

வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் என் அக்கா மகன் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினான். அதில் ஒரே ஒரு தடவை ஷூ வாங்கினான், பில்லை ஒழுங்காகக் கட்டினான், பிறகு கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். ஒரு வருடம் தாண்டியதும் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு வந்தான். "மாமா, நான் எதுவுமே வாங்கல. எதுக்குப் பணம் கேக்குறாங்க?" என்றான். முதல் வரியில் ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய். அடுத்த வரியில் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 90 ரூபாய். அடுத்த மாதத்துத் தாளில் அந்த 590 ரூபாயைக் கட்டாததற்குத் தாமதக் கட்டணம், போதாக்குறைக்கு அதற்கும் ஜிஎஸ்டி. ஸ்டேட்மென்ட் எல்லாம் அவன் கல்லூரி நாட்களில் வைத்திருந்த மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கார்டைத் தொடாமல் இருந்தால் செலவில்லை என்றுதான் முதல் கார்டு வாங்குகிற பலரும் நினைக்கிறார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

பயன்படுத்தாமல் வைத்திருப்பதற்காகவே பிடிக்கும் பணத்துக்கு இன்ஆக்டிவிட்டி ஃபீ என்று பெயர். அமெரிக்காவில் கிரெடிட் கார்டுகளுக்கு இதை 2010 ஆகஸ்டிலிருந்து தடை செய்துவிட்டார்கள். இந்தியாவில் அந்தப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அது ஆண்டுக் கட்டணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். "வருடத்துக்கு 50,000 ரூபாய் செலவு செய்தால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி" என்று ஒரு கார்டின் விளம்பரம் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருப்பிப் படியுங்கள். அவ்வளவு செலவு செய்யாவிட்டால் கட்டணம் உண்டு. கார்டை எடுக்காமலே இருப்பவர் கட்டுவது இந்தப் பணத்தைத்தான். "முதல் வருடம் இலவசம்" என்பதும் இதே கதைதான். இரண்டாம் வருடம் என்ன என்று கேட்டே ஆகவேண்டும்.

இதில் நமக்குத் துணையாக நிற்பவை கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு வழங்குவது குறித்து ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட விதிகள். பெரும்பாலானவை அந்த ஆண்டு ஜூலை 1 முதலும், சில அக்டோபர் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன.

விண்ணப்பத்தோடு ஒரு பக்க அளவில் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும் என்கிறது விதி. வட்டி எவ்வளவு, கட்டணங்கள் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கார்டு தரும்போது தெளிவாகச் சொல்லாத, நம் சம்மதம் பெறாத எந்தக் கட்டணத்தையும் பின்னால் பிடிக்கக் கூடாது; வரிக்கு மட்டும் விலக்கு. கட்டணத்தை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும். புதிய கட்டணம் பிடிக்கவில்லையென்றால், பாக்கியைக் கட்டிவிட்டு, கூடுதலாக எதுவும் தராமல் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கார்டு வழங்கப்பட்டு 30 நாளுக்கு மேலாகியும் நீங்கள் ஆக்டிவேட் செய்யவில்லையென்றால், வங்கி ஓடிபி மூலம் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் வராவிட்டால், கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் கணக்கை மூடிவிட வேண்டும், அதற்கு உங்களிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. ஆகவே வேண்டாம் என்று முடிவாகிவிட்டால் ஆக்டிவேட் செய்யாமல் விடுவதே நல்லது. யாராவது போனில் கூப்பிட்டு "ஓடிபியைச் சொல்லுங்க சார்" என்றால் சொல்லவே சொல்லாதீர்கள். அது மோசடியாகவும் இருக்கலாம், நிஜமாகவே கார்டுக்கான சம்மதமாகவும் இருக்கலாம். இரண்டுமே நமக்கு நல்லதில்லை. கேட்காமலே ஒரு கார்டைக் கொடுத்து, சம்மதமில்லாமல் ஆக்டிவேட் செய்து பில்லும் அனுப்பினால், அந்தத் தொகையை ரத்து செய்வதோடு அதைப்போல் இரண்டு மடங்கை அபராதமாக உங்களுக்குத் தர வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு கார்டு ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தப்படாமல் இருந்தால், வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டு அதை மூடும் வேலையை வங்கி தொடங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் மூடிவிட வேண்டும். "அப்படியானால் சும்மா விட்டாலே போதுமே, அதுவாக மூடிவிடும்" என்று சிலர் இதை வைத்து நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. இப்படி மூடுவதும் பாக்கி எல்லாம் கட்டியிருந்தால்தான். என் அக்கா மகன் விஷயத்தில் ஆண்டுக் கட்டணம் கார்டு வாங்கிய தேதியிலிருந்து கணக்கிடப்பட்டது. பயன்படுத்தாத ஒரு வருடமோ அவன் ஷூ வாங்கிய நாளிலிருந்து ஓட ஆரம்பித்தது. கட்டணம் முந்திக்கொண்டது, அதுவே பாக்கியாக நின்றது. அதனால் வேண்டாத கார்டை வங்கி மூடும் என்று காத்திருக்காதீர்கள். ஆண்டுக் கட்டணம் விழும் மாதத்துக்கு முன்பே நீங்களே மூடச் சொல்லுங்கள்.

மூடச் சொல்வதும் இப்போது எளிது. ஹெல்ப்லைன், இதற்கென்று ஒரு மெயில் முகவரி, இணையதளத்தில் கண்ணில் படும்படி ஒரு இணைப்பு, நெட் பேங்கிங், மொபைல் ஆப் என்று பல வழிகளை வங்கி வைத்திருக்க வேண்டும். தபாலில்தான் கடிதம் அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. பாக்கி இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வீதம் உங்களுக்கு அபராதம் தர வேண்டும். கேட்ட தேதிக்குச் சான்று இருந்தால்தான் இதைக் கேட்டுப் பெற முடியும். போனில் மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். ஒரு மெயிலும் அனுப்பி, கோரிக்கை எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிவார்டு பாயின்ட் இருந்தால் மூடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

முதல் கார்டைப் பொறுத்தவரை என் கருத்து இது: ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டாகப் பாருங்கள். விமான நிலைய லவுஞ்ச், சினிமா டிக்கெட் என்று ஆசை காட்டும் கார்டுகள் பிறகு வரட்டும். விற்பவர் "லைஃப்டைம் ஃப்ரீ" என்று வாயால் சொன்னால் போதாது, விவரத் தாளில் ஆண்டுக் கட்டணத்துக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தள்ளுபடிக்குச் செலவு வரம்பு இருந்தால், உங்கள் வழக்கமான செலவிலேயே அது எட்டுமா என்று கணக்குப் போடுங்கள். 590 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக வேண்டாத பொருளை வாங்கிக் குவிப்பதில் அர்த்தமில்லை. கட்டணமில்லாத கார்டு கிடைத்துவிட்டால் அதைப் பீரோவில் வைக்காமல், மொபைல் ரீசார்ஜ் மாதிரி ஒரு சின்னச் செலவை மட்டும் மாதாமாதம் அதில் போடுங்கள். பில் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ பே வைக்கும்போது குறைந்தபட்சத் தொகையைத் தேர்ந்தெடுக்காமல் முழுத் தொகையைத் தேர்ந்தெடுங்கள். கார்டு உயிரோடு இருக்கும், கடன் வரலாறும் வளரும்.

வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லையென்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இணையம் வழியாகப் புகார் செய்யலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

அக்கா மகன் பாக்கியைக் கட்டினான், ஆப்பிலேயே மூடச் சொன்னான், நான்காம் நாள் மூடியதாக மெயில் வந்தது. மூடிய தகவலை வங்கி 30 நாளுக்குள், நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தரும் முழு அறிக்கையை அடுத்த மாதம் எடுத்து, அந்தக் கார்டு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.