எலெக்ட்ரானுக்கு இடமில்லாத இடைவெளி

"ஆற்றல் இடைவெளிக்கான சமன்பாட்டைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். ஆனால் அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று இன்னும் பிடிபடவில்லை" என்று முதுகலை இயற்பியல் படிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். திடப்பொருளுக்குள் எலெக்ட்ரான் பெறவே முடியாத ஆற்றல் வரம்புதான் இந்த ஆற்றல் இடைவெளி. திடநிலை இயற்பியல் வகுப்பில் என் கதையும் இதேதான்.

உலோகத்தில் கட்டுப்படாத எலெக்ட்ரான்கள் உண்டு என்பது பள்ளிப்பாடம். அவை அயனிகளில், அதாவது எலெக்ட்ரானை விட்டுக்கொடுத்த அணுக்களில், முட்டி மோதுவதால்தான் மின்தடை என்று 1900இல் இயற்பியலாளர் ட்ரூட் சொன்னார். ஆனால் அறை வெப்பநிலையில் செம்புக்குள் எலெக்ட்ரான் சராசரியாக 40 நானோமீட்டர் தூரம் முட்டாமல் போகிறது. அணுவுக்கும் அணுவுக்கும் இடையே கால் நானோமீட்டர்தான். அப்படியென்றால், வழியிலிருக்கும் நூற்றைம்பது அணுக்களும் என்ன செய்துகொண்டிருந்தன?

1928இல் இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் பிளாக் இதற்கு விடை சொன்னார். எலெக்ட்ரான் ஓர் அலை. அணுக்கள் சீராக அடுக்கப்பட்டிருந்தால் அந்த அலை சிதறாமல் ஊடே போய்விடும். அணு வெப்பத்தால் அதிரும் இடத்திலும் மாசு கலந்த இடத்திலும்தான் அது தடுமாறும்.

சரி, இடைவெளி? ஒரு தாளில் சம தூரத்தில் புள்ளிகள் வையுங்கள், அவைதான் அயனிகள். ஒவ்வொரு புள்ளியிலும் பட்டு அலையில் கொஞ்சம் திரும்புகிறது. பொதுவாக இந்தத் துணுக்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆனால் அலைநீளம் புள்ளித் தூரத்தின் சரியாக இரு மடங்கானால், அடுத்த புள்ளிவரை போய்த் திரும்பும் துணுக்கு ஒரு முழு அலைநீளம் கூடுதலாகப் பயணித்திருக்கும். எல்லாத் துணுக்குகளும் கைகோத்துக்கொள்ளும். போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து, நகராத நிலை அலையாகிவிடும்.

நான் ரசிப்பது அடுத்த கட்டத்தை. அந்த அலை இரண்டு விதமாக நிற்கலாம். எலெக்ட்ரான் புள்ளிகளின் மேலேயே குவியலாம். இல்லையென்றால் புள்ளிகளுக்கு நடுவே குவியலாம். அயனி நேர்மின்னூட்டம் உடையது, எலெக்ட்ரானை இழுக்கும். ஆகவே முதல் வகைக்கு ஆற்றல் குறைவு, இரண்டாவதற்கு அதிகம். அலைநீளம் ஒன்று, ஆற்றல் இரண்டு! இடைப்பட்ட ஆற்றலில் எலெக்ட்ரானுக்கு இடமே கிடையாது. சமன்பாட்டுக்கு முன் இந்தப் படத்தை வரைந்து காட்டாத பாடநூல்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

பிளாக் எந்தக் கருவியையும் மனத்தில் வைத்து இதைச் செய்யவில்லை. இந்த இடைவெளியை நம்பி இயங்கும் டிரான்சிஸ்டர் வந்ததே 1947 டிசம்பரில்தான். 'இதனால் உடனே என்ன பயன்?' என்று கேட்டு நிதியை நிறுத்துகிறவர்கள் அன்று இருந்திருந்தால் அந்த ஆய்வு தேறியிருக்காது.

அப்புறம், வைரமும் சிலிக்கானும். இரண்டிலும் அணுக்கள் ஒரே விதமாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. இடைவெளி மட்டும் வைரத்தில் 5.5 எலெக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் ஒரு சிறு அலகு), சிலிக்கானில் 1.1. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் ஏறத்தாழ 1.7 முதல் 3.1 வரை. அந்த ஒளியால் வைரத்தின் எலெக்ட்ரானை இடைவெளியைத் தாண்டி மேலே ஏற்ற முடியாது. உறிஞ்சப்படாமல் வெளியே வந்துவிடுகிறது. சிலிக்கானில் தாராளமாக ஏற்றிவிடும். அதனால்தான் வைரம் கண்ணாடிபோலத் தெளிவாகவும் சிலிக்கான் துண்டு பளபளக்கும் சாம்பல் நிறத்திலும் இருக்கின்றன.