பயம் தெரியாத பீதி

மல்லாந்து படுத்திருப்பவரின் இடது கால் சில வாரங்களாகச் செயலிழந்து கிடக்கிறது. நரம்பியல் மருத்துவர் அந்தக் குதிகாலுக்கு அடியில் தம் கையை வைத்து, "இந்தக் காலைக் கட்டிலில் அழுத்துங்கள்" என்கிறார். அழுத்தமே இல்லை. கையை எடுக்காமல், "சரி, இப்போது வலது காலை மேலே தூக்குங்கள், நான் தடுத்துப் பிடிப்பேன்" என்கிறார். வலது கால் எழ முயலும் அதே கணத்தில் இடது குதிகால் அவருடைய கையை நன்றாக அழுத்துகிறது. படுத்திருப்பவருக்கு அது தெரிவதில்லை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து மருத்துவர் சார்ல்ஸ் ஹூவர் 1908-இல் விவரித்த சோதனை இது. ஒரு காலைத் தூக்கும்போது மறுகால் தானாகவே கீழே ஊன்றிக்கொள்ளும். அந்தத் தன்னிச்சையான ஊன்றல் இவரிடம் அப்படியே இருக்கிறது. வேண்டுமென்று அழுத்தச் சொன்னால் மட்டும் வலு காணாமல் போகிறது. இதைப் பார்த்துவிட்டு "நடிக்கிறார்" என்று முடிவு கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நடிப்பா இல்லையா என்று இந்தச் சோதனை மட்டும் சொல்லிவிட முடியாது. சோதனை காட்டுவது வேறு. நரம்பும் தசையும் கெடவில்லை, அவற்றை இயக்கும் கட்டளை, கவனம் காலின்மேல் குவிகிறபோது தடம் மாறிவிடுகிறது.

இதற்கு இன்றைய பெயர் செயல்சார் நரம்பியல் கோளாறு, சுருக்கமாக எஃப்.என்.டி. கால் விளங்காமல் போவது, கை நடுங்குவது, நடை தடுமாறுவது, குரல் அற்றுப்போவது, வலிப்பு போலவே உடல் துடித்தும் மூளையின் மின்பதிவான இ.இ.ஜி.யில் வலிப்பின் தடம் இல்லாதது எல்லாம் இதில் அடங்கும். நரம்பியல் மருத்துவர்கள் அன்றாடம் சந்திக்கும் நோய்களுள் இதுவும் ஒன்று. அரிதானது என்று பலர் நினைப்பதற்குக் காரணம், இது வரும் வீடுகளில் யாரும் இதைப் பற்றி வெளியே பேசாததுதான்.

பழைய பெயர் ஹிஸ்டீரியா. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இதை மூளையின் நோயாகவே பார்த்தார். அவரிடம் 1885-இல் பயிலச் சென்ற ஃபிராய்டு, பத்தாண்டுகள் கழித்து, அடக்கி வைத்த மனவேதனை உடல் அறிகுறியாக மாறுகிறது என்றார். இந்தக் கருத்து ஒரு நூற்றாண்டு கோலோச்சியது. நோயாளி "எனக்கு எந்தக் கவலையும் இல்லை, டாக்டர்" என்று சொன்னால், அவர் எதையோ மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. தோண்டத் தோண்ட ஏதும் கிடைக்கவில்லை என்றால், இன்னும் ஆழமாகப் புதைந்திருக்கிறது என்று விளக்கம் வந்தது. எந்தப் பதில் வந்தாலும் தோற்காத கோட்பாடு அது. அறிவியலில் அது பாராட்டு அல்ல. கடந்தகால அதிர்ச்சியும் துன்பமும் எஃப்.என்.டி. உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் கணிசமானவர்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. 2013-இல் வெளியான டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க உளமருத்துவ வகைப்பாடு, மன அழுத்தம் ஒன்றைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை நீக்கிவிட்டு, ஹூவர் சோதனை போன்ற நேரடி அடையாளங்களை முன்னே கொண்டுவந்தது.

"கவலை இல்லை" என்கிற நோயாளி உண்மையைத்தான் சொல்கிறார், ஆனால் அவருக்குத் தெரிந்த அளவு உண்மையை. இப்படி வைத்துப் பார்த்தால் என்ன?

லண்டனில் லோரா கோல்ட்ஸ்டீன், ஜான் மெல்லர்ஸ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் போயிற்று. வலிப்பு போன்ற துடிப்புகள் வருகிறவர்களிடம், அந்த நேரத்தில் உடலில் என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், வியர்வை, நடுக்கம் என்று பீதித் தாக்குதலின் பட்டியல் அப்படியே வந்தது. ஆனால் உண்மையான வலிப்பு நோய் உள்ளவர்களைவிடத் தங்களுக்குப் பதற்றம் அதிகம் என்று அவர்கள் சொல்லவில்லை. பீதி உடலில் முழுமையாக நடந்து முடிகிறது. அது பீதி என்ற செய்தி மட்டும் உரியவருக்குப் போய்ச் சேரவில்லை.

இப்படித் தன் உணர்ச்சி எது என்று இனம்காண முடியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். பாஸ்டன் நகர உளமருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970-களின் தொடக்கத்தில் வைத்த பெயர். வீட்டில் எங்கோ ஏதோ கருகுகிற வாடை வருகிறது, எந்த அடுப்பில் என்று மட்டும் தெரியவில்லை. அந்தத் தவிப்பை உடலுக்குள் வைத்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். உணர்ச்சி இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்வது தவறு. உடம்பில் எல்லாம் நடக்கிறது. இது கோபமா, அச்சமா, பசியா, தூக்கமின்மையா என்று பிரித்துச் சொல்லும் வேலைதான் தடைபடுகிறது. பொதுமக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது. இது நோய் அல்ல, ஒரு தன்மை. உயரம் போல ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும்.

பெனெடெட்டா டெமார்ட்டினியும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கை கால் இயக்கம் சார்ந்த எஃப்.என்.டி. உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோரிடம் அலெக்ஸிதைமியா காணப்பட்டது. உறுப்புச் சேதத்தால் வரும் இயக்கக் கோளாறு உள்ளவர்களிடம் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். உடல் சொன்னபடி கேட்காத வாழ்க்கை இரு தரப்புக்கும் உண்டு. ஆகவே நோயின் அலுப்பே உணர்ச்சியை மழுங்கடித்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஆட்டிசம் இங்கேதான் வந்து சேர்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது, பரிவு குறைவு என்ற எண்ணம் பல காலம் நிலவியது. ஜெஃப்ரி பேர்ட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைத் தலைகீழாகப் புரட்டினார். ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அலெக்ஸிதைமியாவும் இருக்கிறது. அந்தப் பாதியைத் தனியே பிரித்துவிட்டுப் பார்த்தால், பிறர் உணர்ச்சியை உணர்வதில் மீதிப் பேர் மற்றவர்களைப் போலவே இருக்கிறார்கள். அதாவது ஆட்டிசத்தின் கணக்கில் எழுதப்பட்ட உணர்ச்சிக் குறைபாடு, பெருமளவு அதனோடு சேர்ந்து வரும் இன்னொன்றின் செலவு என்பது அவர் வாதம். எனக்கு இந்த வாதம் பிடிக்கும். ஆட்டிசம் உள்ளவர்களோடு பழகியவர்கள் எப்போதும் சொல்லிவந்ததற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை.

எஃப்.என்.டி. மருத்துவமனைகளில் ஆட்டிசம் உள்ளவர்கள் எதிர்பார்த்ததைவிட அடிக்கடி தென்படுவதாக மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் எழுதிவருகிறார்கள், குறிப்பாக இளவயதினரிடம். எதிர்த் திசையிலிருந்து, ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் காரணம் பிடிபடாத உடல் அறிகுறிகளைப் பற்றிச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் இடையே அலெக்ஸிதைமியா ஒரு பாலமாக இருக்கக்கூடும். ஆனால் பாலம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் ஒரு சிக்கலைத் தாண்டிக் குதித்ததாகிவிடும்.

சிக்கல் இது. மூளை உலகைப் பதிவு செய்யும் கருவி அல்ல, முன்கூட்டி ஊகித்துக்கொண்டே இருக்கும் உறுப்பு. புலன்கள் தருவது அந்த ஊகத்துக்குத் திருத்தம். 2012-இல் மார்க் எட்வர்ட்ஸ், கார்ல் ஃபிரிஸ்டன் உள்ளிட்ட லண்டன் குழு, எஃப்.என்.டி.யில் இந்த ஊகம் அளவுக்கு மீறி வலுத்துவிடுகிறது என்றது. "கால் விளங்காது" என்ற எதிர்பார்ப்பு, கவனத்தின் உரம் பெற்று, புலன் தரும் திருத்தத்தை வென்றுவிடுகிறது. அதே ஆண்டு நடந்த ஒரு நடுக்க ஆய்வு இதைக் கண்முன் காட்டியது. செயல்சார் நடுக்கம் உள்ளவர்கள், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி கை நடுங்குவதாகச் சொன்னார்கள். மணிக்கட்டில் கட்டிய கருவி பதிவு செய்ததோ நாளுக்குச் சராசரியாக அரை மணி நேரம். பொய்க்கு இங்கே இடமில்லை, ஏனென்றால் கருவி எதை அளக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பார்க்கும்போதெல்லாம் நடுக்கம் வந்தது, ஆகவே எப்போதும் நடுங்குவதாகவே அனுபவப்பட்டது.

அதே 2012-இல் லிஸ் பெலிக்கானோவும் டேவிட் பர்ரும் ஆட்டிசத்தைப் பற்றி நேர் எதிரானதைச் சொன்னார்கள். அங்கே முன்னூகம் வலுவற்றது. உலகம் வடிகட்டப்படாமல் உள்ளே கொட்டுகிறது. குழல்விளக்கின் இரைச்சல், சட்டையின் பட்டி உறுத்தல், பக்கத்து மேசைப் பேச்சு எல்லாம் ஒரே உரத்தில் வருகின்றன. ஒன்றில் ஊகம் மிகுதி, மற்றொன்றில் ஊகம் குறைவு. இரண்டும் ஒரே மனிதரில் எப்படிச் சேரும்?

என் பார்வையில், விடை உடலுக்கு உள்ளே இருந்து வரும் செய்திகளில் இருக்கிறது. இதயத் துடிப்பு, மூச்சு, வயிற்றின் இறுக்கம், உடல் வெப்பம் ஆகியவற்றை உணரும் திறனை அகப்புலன் எனலாம். மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி இந்தச் செய்திகளைத் திரட்டுகிறது. உணர்ச்சி என்பது பெரும்பகுதி இந்தச் செய்திகளுக்கு மூளை தரும் விளக்கம்தான். வெளியே ஒவ்வொன்றும் எதிர்பாராததாக இருக்கும் ஒருவருக்கு உடல் நாள் முழுவதும் முறுக்கேறியே இருக்கும். அகப்புலன் தெளிவாக இருந்தால் "பயந்திருக்கிறேன்" என்று விளக்கம் கிடைத்துவிடும். தெளிவாக இல்லையென்றால், அந்தப் படபடப்புக்கும் தளர்ச்சிக்கும் மூளை வேறு விளக்கம் தேட வேண்டும். அண்மையில் கால் சுளுக்கியிருக்கலாம், ஒருமுறை தலைசுற்றி விழுந்திருக்கலாம், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கலாம். கைக்கெட்டும் விளக்கம் "கால் போய்க்கொண்டிருக்கிறது" என்பதாக அமைந்துவிட்டால், கவனம் அங்கே குவிகிறது. செய்தி மங்கலாக இருக்கும் இடத்தில்தான் ஊகம் ஓங்கும். புற உலகில் ஊகம் தளர்ந்தவருக்கும் உடலின் உள்ளே அது ஓங்க முடியும். இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் இதன் சில கண்ணிகளுக்குத் தனித்தனியே சான்று உண்டு. உதாரணமாக, வலெரி வூனும் குழுவினரும் 2010-இல் செய்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், எஃப்.என்.டி. உள்ளவர்கள் உணர்ச்சி தோய்ந்த முகங்களைப் பார்த்தபோது, அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும் அசைவைத் திட்டமிடும் பகுதிக்கும் இடையிலான தொடர்பு வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

அளவிடுவதில்தான் இந்தத் துறை தடுமாறுகிறது. அலெக்ஸிதைமியாவை அளக்கப் பெரும்பாலும் பயன்படுவது டொரொண்டோவில் உருவான 20 கேள்விகள் கொண்ட படிவம். தன் உணர்ச்சியை இனம்காண முடிகிறதா என்று அந்த மனிதரையே கேட்கிறது அது. தன் உணர்ச்சி புரியாதவரிடம், உன் உணர்ச்சி உனக்கு எவ்வளவு புரிகிறது என்று கேட்பதில் உள்ள வேடிக்கை ஆய்வாளர்களுக்கும் தெரியும். ஆட்டிசப் பண்புகளுக்கான 50 கேள்விப் படிவமும் அப்படித்தான். 2001-இல் கேம்பிரிட்ஜில் உருவான அது நோயறிதல் கருவி அல்ல. பதற்றமோ நாள்பட்ட களைப்போ உள்ள ஒருவர் "கூட்டத்தில் இருப்பது கடினம்" என்று குறித்தால் மதிப்பெண் ஏறிவிடும். ஆகவே எஃப்.என்.டி. உள்ளவர்களிடம் ஆட்டிசப் பண்புகள் மிகுதி என்று படிவத்தை மட்டும் நம்பிச் சொல்வதை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். நேற்று மறைந்த மனவேதனையைத் தேடியவர்கள் இன்று மறைந்த ஆட்டிசத்தைத் தேடக் கிளம்பினால் நோயாளிக்கு ஒரு லாபமும் இல்லை.

படிவத்துக்கு மாற்றாக வந்தது இதயத் துடிப்புச் சோதனை. நாடியைத் தொடாமல், குறிப்பிட்ட நேரத்துக்குள் இதயம் எத்தனை முறை துடித்தது என்று உள்ளே கவனித்து எண்ண வேண்டும். ஈ.சி.ஜி. பதிவோடு ஒப்பிடுவார்கள். இயக்கம் சார்ந்த எஃப்.என்.டி. உள்ளவர்கள் இதில் சற்றுப் பின்தங்கினார்கள். ஆனால் இதயம் நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கும் என்று தெரிந்தவர், எதையும் உணராமலே நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம் என்ற குறையும் சுட்டிக்காட்டப்பட்டிருக்கிறது. சாரா கார்ஃபிங்கலின் 2016 ஆய்வு இன்னும் சுவையானது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கள் உடலைக் கூர்ந்து உணர்வதாக நம்பினார்கள், சோதனையில் மற்றவர்களைவிடத் துல்லியம் குறைந்தது. அந்த நம்பிக்கைக்கும் துல்லியத்துக்கும் இடையிலான இடைவெளி அகல அகலப் பதற்றமும் கூடியது.

சிகிச்சைக்கு இதனால் வரும் பொருள் நேரடியானது. பேச்சுவழிச் சிகிச்சை பெரும்பாலும் "இப்போது என்ன உணர்கிறீர்கள்?" என்றுதான் தொடங்கும். அலெக்ஸிதைமியா உள்ளவருக்கு அது விடைத்தாள் இல்லாத தேர்வு. அவர் ஏதும் சொல்லாமல் இருந்தால் ஒத்துழைக்கவில்லை என்று கோப்பில் ஏறிவிடும். தாடை இறுகியிருக்கிறதா, கை குளிர்ந்திருக்கிறதா, மூச்சு மேலோட்டமாக ஓடுகிறதா என்று உடலிலிருந்து கேட்டால் பதில் கிடைக்கும். ஆட்டிசமும் உள்ளவர் என்றால் சிகிச்சை அறையின் கூசும் விளக்கும் பின்னணி இசையும் அன்றைய பயிற்சியையே கெடுத்துவிடும். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிக் கொடுப்பது பெரிய உதவி. இயன்முறைச் சிகிச்சையில் கவனத்தைக் காலிலிருந்து நகர்த்துவதே முக்கிய உத்தி. முன்னோக்கி நடக்க முடியாத சிலர் பின்னோக்கித் தடையின்றி நடப்பதுண்டு. அங்கிருந்து தொடங்குவார்கள்.

இன்னொரு வழி அகப்புலனையே பழக்குவது. இங்கிலாந்தின் பிரைட்டன் பகுதியில் நடந்து 2021-இல் முடிவு வெளியான ஆய்வில் ஆட்டிசம் உள்ள 121 பெரியவர்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் தம் இதயத் துடிப்பை உணரப் பழகினார்கள். உடற்பயிற்சி செய்து துடிப்பைக் கூட்டிவிட்டு, மீண்டும் கவனித்து, ஒவ்வொரு முறையும் சரியா தவறா என்று உடனே தெரிந்துகொண்டார்கள். மறு பிரிவினர் குரலிலிருந்து பிறர் உணர்ச்சியை அறியப் பழகினார்கள். மூன்று மாதம் கழித்து முதல் பிரிவில் 31 விழுக்காட்டினர் பதற்ற நோயிலிருந்து மீண்டிருந்தார்கள், மறு பிரிவில் 16 விழுக்காட்டினர். அந்த ஆய்வின் இலக்கு பதற்றம், எஃப்.என்.டி. அல்ல. வலிப்பு போன்ற துடிப்பு வரும் முன் நெஞ்சு படபடப்பதை இதே பயிற்சியால் ஒருவர் முன்னதாகவே "இது பயம்" என்று அடையாளம் கண்டால் அந்தத் துடிப்பு குறையுமா என்பது, இதே முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் சோதிக்கக்கூடிய கேள்வி.